காயாத சந்தனம்

லேத்தில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்துவிட்டது. யுத்த வண்டியின் முன்தகட்டில் வைத்தது மட்டும் இன்னும் ஈரமாகவே இருந்தது. குங்குமம் அதில் கரைந்து மெல்ல வழிந்துகொண்டிருந்தது. துளசிராமன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் வழிந்தது. விரலை முகர்ந்து பார்த்தான். ஏரிச் சேற்று வாடை.

உலக யுத்தத்தின்போது பழவேற்காடு ஏரியில் மூழ்கிய கவச வண்டி அது. மீனவர்களின் வலை சிக்கியதில் அகப்பட்டதை, காக்களூரில் பட்டறை வைத்திருந்த முனுசாமி பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தார். ஓட வைத்துவிட்டால் சினிமாக் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம் என்ற ஆசை அவருக்கு. உள்ளே இருந்த சேற்றை வாரிக் கொட்டியபோது ஒரு பூட்ஸும் கூடவே வந்தது. அதையும் குப்பையில் போடச் சொல்லிவிட்டார். கோடை முழுக்க வெயிலில் நின்ற வண்டி. துளசிராமன் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியும் இன்றுவரை அது ஒரு தடவைகூட இருமவில்லை.

"துளசி, உள்ள ஸ்டீரிங்குக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டு ஊட்டுக்குக் கெளம்பு. கொயந்த காத்துக்கினு இருக்கும்ல," என்றார் முனுசாமி. ஆயுத பூஜைக்கு வைத்த சாமான்களை மறுநாள் வரை தொடக்கூடாது. அவை இருந்த பூஜை அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் போய்விட்டார். மற்றவர்கள் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு முன்பே போயிருந்தார்கள்.

துளசிராமன் வண்டியின் மேல்மூடியைத் திறந்து வைத்து உள்ளே இறங்கினான். பக்கத்துப் பட்டறை ஒலிபெருக்கியின் பாட்டு, தண்ணீருக்குள் தலையை முக்கினால் கேட்பதுபோல மழுங்கியது. கிரீஸ் வாடைக்கு அடியில் சேற்று வாடை, அதற்கும் அடியில் மீன் அழுகியதுபோல வேறொன்று. இருக்கைக்குப் பின்னால் இருட்டில் எங்கோ நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட வேண்டும். பொட்டு வைக்கக் குனிந்தான்.

அவன் முதுகை ஈரமாக எதுவோ உரசிக்கொண்டு மேலே ஏறியது.

மூடி விழுந்தது. வெளியே கொண்டி மாட்டும் சத்தம். மேல்தகட்டில் ஈரக் காலடிகள். தரையில் யாரோ குதித்தார்கள்.

"யார்ரா அது? தொறடா!"

மூடியின் உள்பக்கக் கைப்பிடியைத் தேடினான். இல்லை. துரு எடுக்கக் கழற்றியது, இன்று சுத்தியல், ஸ்பானர்களோடு பூஜை அறையில் இருந்தது. அதற்குப் பொட்டு வைத்ததும் அவன்தான்.

கை தோல் உரியும்வரை குத்தினான். இரும்பு அசையவில்லை.

அப்போது வெளியே அவன் மனைவி எல்லம்மாவின் குரல் கேட்டது.

"இன்னாயா, பொயுது சாயுது, இன்னும் இன்னா பண்ணிக்கினு கீற? செல்வி உன்னியே கேட்டு அயுவுது."

துளசிராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கத்த வாயைத் திறந்தான்.

"வந்துட்டேன் எல்லம்மா."

அவன் குரல். ஆனால் அவன் பேசவில்லை.

ஓட்டுபவர் பார்க்கும் சந்தில் கண்ணை வைத்தான். விரல் அகலச் சந்து. அவன் போட்டிருந்த அதே மாதிரி காக்கிச் சட்டையோடு, அவனைப்போலவே இடது தோளைச் சற்று இறக்கிக்கொண்டு, முதுகு காட்டி ஒன்று நின்றது. தலையிலிருந்து நீர் சொட்டியது.

"இன்னாயா இப்டி நனைஞ்சி கீற?"

"கொயாய்ல தலைய நீட்டுனேன். குடு, புள்ளைய நான் தூக்கிக்கினு வரேன்."

"எல்லம்மா! குடுக்காத!"

அதே நொடி இன்ஜின் பிடித்துக்கொண்டது. பேட்டரி பூஜை அறையில் கிடந்தது. ஆனாலும் ஓடியது. எத்தனை மாதம் ஏங்கிய சத்தம். இரும்பு முழுக்க அதிர்ந்தது. அவன் அலறல் அவனுக்கே கேட்கவில்லை.

எல்லம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். அது அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னது. அவள் முகம் மலர்ந்தது. புருஷன் சாதித்துவிட்டான் என்ற பெருமையோடு வண்டியைப் பார்த்தாள். குழந்தையைக் கொடுத்தாள்.

வண்டிக்குள் அவன் கணுக்காலில் தண்ணீர். முழங்காலில். உப்புத் தண்ணீர்.

அவர்கள் நடந்தார்கள். அதன் தோளுக்கு மேலே செல்வியின் முகம், இந்தப் பக்கம் பார்த்தபடி. கத்தினான். சந்தில் கண்ணை அழுத்தினான். என்னைப் பாரு, கண்ணு. நான்தான் அப்பா. இங்க பாரு.

பார்த்தாள். இருட்டுக்குள் விரிந்து கிடந்த அந்தக் கண்களைப் பார்த்தாள். வீரிட்டு அழுது, பயத்தில் அந்த ஈரக் கழுத்தையே கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அது அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தது.