மாதங்கி இப்படிப் பேச மாட்டாள்

அசைபடத்தின் ஏழாவது பாகத்தில் மாதங்கி தலை குனிந்து சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த அருள்வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வரைந்த படக்கதையில் மாதங்கி அந்த இடத்தில் சிரிக்கவே இல்லை. இரண்டு வருடமாகப் பின்னாலேயே வந்தவனை நிறுத்தி, "உன்னை எனக்குப் பிடிக்கலை, இனி வராதே" என்று சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்துவாள். இங்கேயும் வார்த்தைகள் அதேதான். ஆனால் குரல் குழைகிறது, கன்னம் சிவக்கிறது, கேட் பாதி திறந்தே கிடக்கிறது. பாழாய்ப்போன காற்று வேறு வந்து கூந்தலைப் பறக்கவிடுகிறது.

காதோடு சேர்த்து மாட்டியிருந்த இசைவுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். அவள் கதையை அசைபடமாக எடுத்த கோயமுத்தூர் நிறுவனத்தின் தலைவன் சுதர்சன், பதறாமல் அதை எடுத்துத் துடைத்தான்.

"நாங்க ஒரு வரிகூட மாத்தலீங்கக்கா. எல்லாம் கண்ணாடி பண்றது. பாக்கறவங்க நாடி சோர்ந்தாலும் எகிறினாலும், அதுவே முகத்தையும் குரலையும் இதமாக்கிரும். நீங்க கோவப்படக் கோவப்பட அவ இன்னும் நல்லாச் சிரிச்சிருப்பா. அவ கேட்டைச் சாத்தறது யாருக்கும் பிடிக்கறதில்லீங்க."

"பிடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி வரைஞ்சேன்."

அந்தக் கேட் அருள்வடிவின் வீட்டுக் கேட். கல்லூரிக் காலத்தில் தனசேகர் என்றொருவன் அவள் போகும் இடமெல்லாம் வந்து நின்றான். பஸ்ஸை மாற்றினாள், ஆசையாய்ப் படித்த ஓவிய வகுப்பையே விட்டாள். கடைசியில் தெருவே பார்க்க அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் தொலைந்தான். அன்றிலிருந்துதான் அவளுக்கு மூச்சே வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் புத்தகமே. அதைப் போய்ச் சர்க்கரைப் பாகில் போட்டு எடுத்திருக்கிறார்கள்.

"ஒரே ஒரு தடவை எல்லாரையும் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"கழட்ட மாட்டாங்கக்கா. இப்ப ரோட்டுலயே போட்டுட்டுத்தான் சுத்தறாங்க. கண்டக்டர் திட்டுனாக்கூடக் கொஞ்சற மாதிரி கேக்குதாம்." சுதர்சன் பெருமையாகச் சிரித்தான்.

கீழே கூடத்தில் ரசிகர் சந்திப்புக்கு ஆட்கள் கண்ணாடியோடு காத்திருந்தார்கள். இவனோடு பேசி என்ன ஆகப்போகிறது, நேரே அவர்களிடமே சொல்லிவிடலாம் என்று விறுவிறுவென்று இறங்கினாள்.

வரிசையில் முதல் ஆளாகக் கண்ணாடியும் பூங்கொத்துமாகத் தனசேகர் நின்றான். தலை நரைத்திருந்தது.

"வடிவு, எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது," என்றான். "அன்னிக்கு உன் முகத்த நான் சரியாப் பாக்கல. படத்துலதான் பாத்தேன். முட்டாளாட்டம் போயிட்டேன்."

எத்தனை வருடம் கழித்து, என்ன தைரியத்தில் வந்து நிற்கிறான்.

"உன்னை எனக்குப் பிடிக்கலை. அன்னிக்கும் பிடிக்கலை, இன்னிக்கும் பிடிக்கலை. என் முன்னாடி நிக்காத, போ."

அவன் முகம் மலர்ந்தது. கூடம் முழுக்கக் கைதட்டியது. அவனுக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே மாதங்கிதான்" என்றாள்.

அருள்வடிவு எட்டி அவன் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தாள். வெறும் கண்ணோடு நின்ற அவனிடம் அதையே மறுபடியும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இந்தமுறை அவனுக்கு உள்ளபடியே கேட்டது. அவன் முகம் வாடியது. ஆனால் நகரவில்லை.

"நீ இப்படிப் பேசற ஆளே இல்ல, வடிவு," என்றான் வருத்தமாக. "மாதங்கி இப்படிப் பேச மாட்டா."

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு அவனைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. தன் கண்ணாடியைக் கழற்றி, "இதப் போட்டுப் பாருங்கண்ணா" என்று நீட்டினாள். அவன் மாட்டிக்கொண்டு அருள்வடிவைப் பார்த்தான். உடனே மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு அடி முன்னால் வைத்தான். அருள்வடிவு பின்வாங்கிச் சுவரில் முட்டி நின்றாள்.

கண்ணாடி இல்லாமல் அந்தப் பெண் இப்போதுதான் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்த ஒருத்தியையும், அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும் ஒருவனையும் பார்த்தாள்.

"அண்ணா, அதக் குடுத்துருங்க," என்றாள். அவன் திரும்பவில்லை. தோளைத் தொட்டு, "குடுங்கங்கறேன், அவங்கள விடுங்க" என்று கத்தினாள்.

அவனுக்கு அது எப்படிக் கேட்டதோ, திரும்பி அவளையும் பார்த்துச் சிரித்தான்.