கிளைக்குழாயின் சூடு

பம்ப் நின்று கிடந்தது. கிளைக்குழாய் மட்டும் ஆறவில்லை.

லெஸ்டர் மறுபடியும் தொட்டுப் பார்த்தான். போர் முடிந்த வருடத்து மாரி, வாவிக்கரை ஆஸ்பத்திரியின் தகரக் கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பொயிலர் அறைக்குள் டீசல் நெடியும், ஈரச் சுவரின் பூஞ்சண வாடையும், எங்கிருந்தோ கடற்பாசி மணமும் ஒன்றாய்க் கலந்து தொண்டையைக் கரித்தன. பொயிலரைச் சுற்றிவரும் பெரிய குழாயிலிருந்து வெந்நீரைப் பிரித்து, துணி உலர்த்தும் அறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் கிளை அது; தண்ணீரைத் தள்ள அதற்கென்று தனிப் பம்ப். போன வருடம் பொருத்தியவன் அவனேதான்.

அந்த உலர்த்தும் அறைக்குள்தான் வேரா இருந்தாள். சலவை வேலைக்கு வந்த அவன் மனைவி இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. மத்தியானம் கூப்பிடப் போனபோது, "குழாய்க்குள்ள நம்மட கொலின் இருக்கான், லெஸ்டர். பம்ப் நிண்டாலும் சுடுதே, அது அவன்ட சூடு," என்றாள். டச்பார் கடற்கரையில் சுனாமி கொண்டுபோன பிள்ளை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

வெந்நீர் பிரியும் மூட்டும் திரும்பிச் சேரும் மூட்டும் தள்ளியிருந்தால், பம்ப் ஓடாவிட்டாலும் தண்ணீர் கள்ளத்தனமாகக் கிளைக்குள் புகுந்துவிடும். எவ்வளவு இடைவெளி விட்டான் என்று நினைவில்லை. பிழையைக் காட்டினால் வேரா எழுந்து வந்துவிடுவாள். "ஆண்டவரே, என்ட வேலை பிழையா இருக்கட்டும்," என்று வாய்விட்டு மன்றாடினான். எந்தக் குழாய்க்காரனும் கேட்காத வரம் அது.

சூடு போகாமல் குழாயில் சுற்றியிருந்த காப்பைப் பிய்த்தான். நாலு விரல் இடைவெளியில் இரண்டு மூட்டுகளும் ஒட்டினாற்போல இருந்தன. ஒரு பிழையும் இல்லை.

கிளையின் இரண்டு வால்வுகளையும் இறுக்கிப் பூட்டினான். காத்திருந்தான். போகும் குழாய் ஆறியது. திரும்பி வரும் குழாய் ஆறவில்லை. வெந்நீரின் சூடும் அல்ல. ஆளின் உடம்புச் சூடு.

உலர்த்தும் அறைக்கு ஓடினான்.

தொங்கிய ஈர விரிப்புகளை விலக்கினான். மூலையில் வேரா. குழாயில் கன்னம் பதித்திருந்தாள். உதடு நீலம்.

"வேரா, எழும்பு. வீட்ட போவம்."

"அவனுக்குக் குளிருதாம்," என்றாள். "என்ட சூட்டக் குடுத்திட்டன்."

அதன்பிறகு மூச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

அவளைத் தூக்கக் குழாயில் கையூன்றினான். கை மீளவில்லை. இரும்புக்குள்ளிருந்து ஏதோ அவன் சுண்டுவிரலைப் பிடித்தது. சின்னப் பிடி. ஆசையான பிடி.

நகம் குளிர்ந்தது. விரல். மணிக்கட்டு.