உள்தாழ்ப்பாள்

“கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்,” என்றாள் வசந்தி.

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று ஜீப் ஓட்டி வந்த ரங்கன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தான். வாடகையைக் குறைக்கச் சொல்லுங்க, ஓடு ஒழுகுதுன்னு சண்டை போடுங்க, தீர்த்தகிரி கவுண்டர் கோவிச்சுக்க மாட்டார். அந்த வூட்டுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் கேட்டுடாதீங்க டீச்சரம்மா. ஒழுகுகிற கூரையின் கீழ் வசந்தி படுத்துவிடுவாள். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் அவளுக்குத் தூக்கம் வந்து ஐந்து மாதமாகிறது.

மலைமேல் வேலைக்கு யாரும் போவதில்லை என்பதால், மூன்று ஊர்களில் எது வேண்டுமோ பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று ஆபீசில் காகிதத்தை நீட்டியிருந்தார்கள். முதல் ஊருக்குப் போளூரிலிருந்து பஸ் வந்தது. பஸ் வந்தால் மாமாவும் வருவான். இரண்டாவது ஊரில் சந்தை கூடியது. புளி வாங்க அவனுடைய ஆட்கள் வருவார்கள். மூன்றாவது இந்த ஊர், நெல்லிவாசல்நாட்டுக்கும் அப்பால், பதினெட்டு வீடும் ஒரு பள்ளிக்கூடமும். நாலு நாள் மழை பிடித்தால் ஜீப்பும் ஏறாது. அதற்காகவே அவளுக்கு ஊர் பிடித்திருந்தது.

மாமா வடிவேலு அவள் அம்மாவின் தம்பி. அக்கா மகளை பி.ஏ. வரைக்கும் படிக்கவைத்தது நான்தான், அவள் எனக்குத்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மாட்டேன் என்றதற்குப் பட்டப்பகலில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். முதல் தடவை தாழ்ப்பாள் காப்பாற்றியது. இரண்டாம் தடவை அம்மா முத்தம்மாவே எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். தம்பிதானேடி என்றாள். அன்றிலிருந்து வசந்தியின் இடது மணிக்கட்டு சரியாக மடங்குவதில்லை. அந்த அம்மாவையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். விட்டுவிட்டு வந்தால் அடுத்த அடி அம்மாவுக்கு விழும், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் தீர்த்தகிரி அவளை நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். முன்பு இருந்த வாத்தியார் ஒரு தாழ்ப்பாள் அடித்தாராம். அவர் மாற்றலாகிப் போன மறுநாள் காலி வீடு உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டதாம்.

“மூணு நாளு கூப்பிட்டுப் பார்த்தோம்மா. அப்புறம் கடப்பாரை போட்டுப் பேர்த்தோம். உள்ள யாருமில்ல. தாழ்ப்பாள தொட்டுப் பார்த்தா சூடு. இப்பத்தான் யாரோ கைய எடுத்த மாதிரி.”

வசந்தி பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்தாள். போளூரில் வாங்கிய இரும்புத் தாழ்ப்பாள், எட்டு திருகாணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர். காலி வீட்டைப் பற்றிப் பயப்படுகிறீர்களே, ஆள் இருக்கிற வீட்டில் என்ன நடக்கிறது என்று என்னைக் கேளுங்கள் என்று வாய்வரை வந்தது. அவளே திருகினாள். தாழ்ப்பாள் புதுசு, இறுக்கம். இரண்டு கையாலும் இழுத்தால்தான் நகர்ந்தது, நகரும்போது பல்லைக் கூசவைக்கும் ஒரு சத்தம். அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது.

கவுண்டர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டுத் திரும்பும்போது மணி நாலுகூட ஆகியிருக்காது, ஆனால் மூடுபனி பள்ளத்திலிருந்து எழுந்து வந்து வேலிப்படலையும் பலாமரத்தையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. ரங்கன் எங்கேயோ கடுக்காய் மூட்டை ஏற்றும் தொப் தொப் என்ற ஓசையைத் தவிர ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அம்மா பின்னால் இருமிக்கொண்டே வந்தாள்.

சும்மா சாத்திவிட்டுப் போன கதவை வசந்தி தள்ளினாள். திறக்கவில்லை.

தோளைக் கொடுத்தாள். மரம் உப்பியிருக்கும். ஈரம். அப்படித்தான் நினைத்தாள், காதைக் கதவில் வைக்கும்வரை. உள்ளே, அவள் காதுக்கு நேராக, தாழ்ப்பாள் நகர்ந்தது. கூசும் சத்தம் இல்லை. எண்ணெய் போட்டதுபோல, பலநாள் பழகிய கை இழுப்பதுபோல, வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கதவு ஒரு சாண் விலகியது.

உள்ளே ஒரு அறை, கம்பி போட்ட ஒரு ஜன்னல், பற்றவைக்காத அடுப்பு, அவர்களுடைய தகரப் பெட்டி. யாருமில்லை. காயாத தலைமுடியின் வாசனை மட்டும். வசந்தி தாழ்ப்பாளைத் தொட்டாள்.

சூடு.

படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு விரல்நுனியில் வந்து நின்றது. ரங்கன் ஜீப்போடு மலையிறங்குவதற்குள் கிளம்பிவிட வேண்டும். முதல் ஊரோ இரண்டாவது ஊரோ, எதுவோ. பெட்டியைத் தூக்கினாள். அப்போதுதான் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

“போன வாரமே மாமனுக்கு ஒரு கார்டு போட்டேண்டி. தாய்மாமன் இல்லாம புது வூட்டுல பால் காய்ச்சக் கூடாது. வந்து நின்னுட்டுப் போய்டுவான்.”

வசந்தி பெட்டியைக் கீழே வைத்தாள். பதினைந்து பைசா கார்டு. ஊர்ப் பெயர், வழி, எல்லாம் அம்மா யாரையோ பிடித்து எழுதவைத்திருப்பாள். கீழே பனிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. நின்றது. செருப்புச் சத்தம். சரளைக் கல்லில், அவசரமில்லாமல்.

வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. முன்னால் அவன். முதுகுக்குப் பின்னால் அந்த வாசனை. தாழ் போடலாம். போட்டால் உள்ளே இருப்பதோடு இருக்க வேண்டும். போடாவிட்டால் அவனோடு. அம்மா எப்படியும் எழுந்துபோய்த் திறப்பாள்.

அவன் வாசலில் வந்து நின்றான். ஒரு கையில் மூடி போட்ட பால் செம்பு. இன்னொரு கையில் தேங்காய்.

“இன்னா புள்ள, இவ்ளோ தூரம் ஓடியாந்தா வுட்டுடுவனா? அக்கா, அடுப்பு மூட்டலையா நீ?”

அவன் கண் அவளுடைய மணிக்கட்டில் போய் நின்றது. சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் வசந்திக்குள் ஏதோ ஒன்று முடிவாகி அமர்ந்தது. பயம் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தது. கால் மட்டும் நகர்ந்தது.

“உள்ள வாங்க மாமா,” என்றாள். “அம்மா, நீ வெளிய வா. சுள்ளி பொறுக்கணும்.”

இப்பத்தான் வழிக்கு வந்தியா என்றபடி அவன் குனிந்து நுழைந்தான். அவனுடைய தோள் அவளை உரசிக்கொண்டு போனது. வசந்தி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஒரு அடி. இரண்டு அடி.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் வழுக்கியது.

உள்ளே அவன் சிரித்தான். இன்னா வெளையாட்டு இது என்றான். பிறகு சிரிப்பு நின்றது. தேங்காய் தரையில் உருண்டு சுவரில் முட்டியது.

“வசந்தி. தாழ எடு.”

தாழ்ப்பாள் அவன் பக்கம் இருந்தது.

“வசந்தி. யாரு இது? உள்ள யாரு?”

அம்மா திமிறினாள். “தம்பிடி... தம்பிதானேடி...” வசந்தி பிடியை விடவில்லை. திரும்பிப் பார்த்தாள், ஒரே ஒரு முறை. கதவுக்கு அடியில், நிலைப்படிக்கு மேலிருந்த இடுக்கில் அவனுடைய விரல்கள் தெரிந்தன. பத்தும். மண்ணைப் பிராண்டின. அவற்றின்மேல் இன்னொரு கை வந்து படிந்தது. மெல்ல. ஈரமாக. ஒவ்வொரு விரலாக எடுத்து உள்ளே வைத்துக்கொண்டது.

சத்தமே இல்லை அதன்பிறகு.

பலாமரத்தடியில் தீர்த்தகிரி நின்றிருந்தார். அவர் கையில் கடப்பாரை. அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வியாக.

வசந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இந்த ஊருக்கே கையெழுத்துப் போடப்போவதாக ரங்கனிடம் ஆபீசுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அம்மாவை இழுத்துக்கொண்டு நடந்தாள். குதிகாலில் ஏதோ சுட்டது. குனிந்து பார்த்தாள்.

பால். கதவின் அடியிலிருந்து, படி வழியாக, சரளைக்கல் வழியாக, நுரை தள்ளி, ஆவி பறக்க, பொங்கி வழிந்து வந்துகொண்டிருந்தது. உள்ளே அடுப்பு மூட்டவே இல்லை.

அதைத் தாண்டிக் காலை வைத்து, அவள் நடந்தாள்.