நாரே சாப்பிடும் நேரம்

"சாப்பிடுற இடத்துல எதுக்கு அந்தச் சனியன்? எடு முதல்ல!"

காலை ஏழரை மணிக்கே மல்சுன் ஆரம்பித்துவிட்டாள். ஏழு மாதக் கப்பல் வேலை முடிந்து வந்திருக்கும் தம்பி கிசோக்கைப் பார்க்க, முந்தின நாள்தான் அவள் யோசு நகரத்துச் சந்தைக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் கண்ணை உறுத்தியது ஒன்றே ஒன்று: தம்பி மனைவி சொன்மி, கிம்ச்சி ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்த கைபேசி.

"அண்ணி, அது அங்கயே இருக்கட்டும்" என்றாள் சொன்மி, கடற்பாசி சூப்பை மகள் முன் வைத்தபடி.

"இருக்கட்டுமா! பெத்த பொண்ணு எலும்பும் தோலுமா உக்காந்திருக்கா... ஆத்தாக்காரிக்குப் போன் கேக்குது! பள்ளிக்கூடத்துல அறுநூறு பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டவளாம்! ஊரான் பிள்ளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சொந்தப் பிள்ளை மட்டும்..."

பதினேழு வயது நாரே தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டை மெல்ல அதிர்ந்தது. நெஞ்சு படபடத்தால் அது அப்படித்தான் அதிரும். சொன்மி அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா சொல்றதுல என்ன தப்பு?" என்றார் கிசோக். "நானும் வந்ததுலேருந்து பாக்கறேன். சோறு வெச்சா போன்! வேலையையும் விட்டுட்டே... வீட்டுல உக்காந்து என்னதான் பண்றே, நாரே அம்மா?"

 சொன்மி வாய் திறந்தால் ஒரு நிமிடத்தில் பழி நீங்கிவிடும். ஆனால் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே!

போன குளிர்காலத்தில் பள்ளிப் படிக்கட்டில் நாரே மயங்கி விழுந்தாள். சோற்றைக் கண்டாலே பயம் பிடித்து ஆட்டுகிற நோய் என்றார்கள் பூசான் நகர மருத்துவமனையில். "அப்பாவுக்கும் அத்தைக்கும் தெரியக் கூடாதும்மா... தெரிஞ்சா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று அன்று பேருந்தில் வரும்போது அழுதாள் பெண். வயிற்றுப்புண் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள் சொன்மி.

வாரம் ஒருமுறை பூசான் போய் வந்தால் மட்டும் இந்த நோய் அடங்காது. அதனால் மருத்துவமனையில் கைபேசிக்கு ஒரு செயலி கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் திரையில் செவிலி ஒருத்தி வருவாள். தன் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கூடவே சாப்பிடுவாள். பட்டை அதிர்ந்தால் அங்கே அவளுக்கும் தெரியும். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று நிதானமாகச் சொல்லித் தருவாள். அந்த நேரங்களில் மகள் பக்கத்தில் இருக்கத்தான், தலைமைச் சமையல்காரி பதவி கைக்கு எட்டிய மாதத்திலேயே சொன்மி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான்கு மாதம் பாடுபட்ட பிறகு இப்போதுதான் நாரே பாதிக் கிண்ணம் வரை வந்திருந்தாள்.

செவிலி வரும் நேரம். அதற்குள் மல்சுன் கைபேசியைப் பறித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு மனுஷங்களாட்டம் சாப்பிடுவோம். ம்... தின்னுடி என் தங்கம்! ஒரே ஒரு வாய்! பாரு, கையெல்லாம் குச்சியா..."

நாரேயின் கரண்டி நழுவி மேசையில் விழுந்தது. பட்டை விடாமல் அதிர்ந்தது.

சொன்மி எழுந்தாள். குரல் உயரவில்லை. "அண்ணி, போனைக் குடுங்க."

"மாட்டேன்!"

"பத்தொம்பது வருஷமா உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல. என்னைச் சோம்பேறின்னு சொல்லுங்க, பாவின்னு சொல்லுங்க... வாங்கிக்கறேன். ஆனா என் பொண்ணோட இந்த ஒரு வேளையை யாருக்காகவும் விட்டுக் குடுக்க மாட்டேன். குடுங்க!"

"பாத்தியாடா கிசோக், உன் பொண்டாட்டி என்னை..." மல்சுன் குரல் உடைந்தது.

கிசோக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா உனக்கு?"

"அப்பா, போதும்!" நாரே கத்திவிட்டாள். "அம்மாவைத் திட்டாதீங்க... நோய் எனக்கு. வயித்துப்புண் இல்ல. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் கெஞ்சினேன். சோத்தைப் பாத்தா பயமா இருக்குப்பா... அந்தப் போன்ல வர்ற நர்ஸ் கூட உக்காந்தாத்தான் என்னால முழுங்க முடியுது. அம்மா வேலையை விட்டதும் எனக்காகத்தான்!"

 மல்சுன் பையைத் துழாவினாள். கைபேசியை எடுத்து, தன் கையாலேயே ஜாடிமேல் சாய்த்து வைத்தாள். திரையில் செவிலி தெரிந்தாள்.

"இன்னிக்கு வீட்டுல ஆளு நிறைய போலிருக்கே!"

"நான் அவ அத்தைம்மா... தெரியாம பெரிய பாவம் பண்ணிட்டேன். நான் என்ன செய்யணும், சொல்லு தாயி!"

"ஒண்ணும் செய்ய வேண்டாங்க. சாப்பாட்டைப் பத்தியும் உடம்பைப் பத்தியும் பேசாதீங்க. வேற எதாவது பேசுங்க. அது போதும்."

அந்த இரண்டையும் விட்டால் மல்சுனுக்குப் பேச என்ன இருக்கிறது! திருதிருவென்று விழித்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"எங்க சந்தையில எதிர்க் கடைக்காரர் இருக்காரே... அவரு டோப்பா போன மாசம் காத்துல பறந்து போச்சுடி! கடல்புறா ஒண்ணு கவ்விக்கிட்டு ஓடுது. மனுஷன் மண்டையைப் பொத்துவாரா, புறாவைத் துரத்துவாரா!"

நாரேவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னச் சிரிப்புதான். செவிலியும் சிரித்தாள். மூச்சை இழுத்து விட்டபடி நாரே கரண்டியை எடுத்தாள்.

சொன்மி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பின்னாலேயே வந்த மல்சுன் அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "ஏண்டி... இத்தனை பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னியே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அவ என்னை நம்பியிருக்க மாட்டா அண்ணி."

சமையலறை வாசலில் கிசோக் நின்றிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. "அடுத்த கப்பலுக்கு நான் போகலை. பள்ளிக்கூடத்துல நீ போய் வேலையைத் திரும்பக் கேளு. காலைச் சாப்பாட்டுக்கு அவகூட நான் உக்காந்துக்கறேன்... எப்படின்னு மட்டும் சொல்லிக் குடு."

சொன்மி சமையலுக்குக் கட்டியிருந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அதையெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல போய் உக்காருங்க. நர்ஸ் போக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

கிசோக் போய் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவள் கிண்ணத்தைப் பார்க்காமல், தன் சூப்பைத் தன் பக்கம் இழுத்துக் குடிக்கத் தொடங்கினார்.