கிருத்திகா இன்னும் சொல்லாத வரி

என் பெயர் அன்பு. வயது இருபத்து மூன்று. ஊர் பரமத்தி வேலூர். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில், நான் வேலை பார்க்கும் மாடி ஆபீஸில் தனியாக இருக்கிறேன். டைப் அடிக்க நேரமில்லாததால் போனை உதட்டருகே வைத்து மெதுவாகப் பேசி, எங்கள் வீட்டாரும் மற்றவர்களும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

காலையில் கம்ப்யூட்டர் முன்னால் 'வணக்கம்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்கு முன்பே அந்த வார்த்தை திரையில் விழுந்துவிட்டது.

நான் செய்துகொண்டிருந்தது ஒரு ஸ்டார்ட்டர் புராஜெக்ட். வெப்சைட் செய்கிற அதே கோடிங்கில், கம்ப்யூட்டரில் தனி விண்டோவாகத் திறக்கும் ஆப்பும் எழுதலாம். அப்படி இனி எழுதப்போகிற எல்லா ஆப்புக்கும் அஸ்திவாரமாக முதலில் ஒரு வெறும் விண்டோ வேண்டும். நாமக்கல் லாரி ஆபீஸ்களில் டைப் அடிக்கத் தெரியாதவர்கள் பேசினால் அது எழுத வேண்டும் என்று ஓனர் சௌந்திரம் அக்கா சொல்லியிருந்தார். அதனால், மைக்கில் கேட்பதை எழுதும் ஒரு வெள்ளை விண்டோ. அதில் வேறொன்றும் இல்லை.

போனிலேகூட அடுத்த வார்த்தையை அதுவே ஊகித்துக் காட்டுகிறதே, அந்த மாதிரிதான் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு முழு வரி வந்தது. 'ஒரு வாரமா ஜன்னலத் தொறந்து தொறந்து மூடறயே, காத்தாச்சும் வருதா?' அறையில் யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சௌந்திரம் அக்கா செருப்பைத் தேய்த்துக்கொண்டு படியேறி வந்து, கதவில் சாய்ந்து நின்று, அதையே சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை.

"அக்கா, இதுல ஏதோ கோளாறுங்க. நீங்க பேசறதுக்கு முன்னாடியே எழுதிருதுங்க."

"அப்ப உன் வேலையவும் அதே முன்னாடி பண்ணிப்போடும். உனக்கெதுக்குச் சம்பளம்?" என்றார். "கரண்டு சாயங்காலந்தான் வரும். பேட்டரி இருக்கற வரைக்கும் பாரு. முடியலைன்னா நாளைக்கு ஊட்டுலயே இருந்துக்க சாமி."

மற்றவர்களை அனுப்பிவிட்டு அவரும் இறங்கிப் போனார். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்த நாள் இது. ஃபேன் ஓய்ந்து, யுபிஎஸ்ஸின் கீச்சும் அடங்கி, ஏற்காடு ரோட்டில் போகும் வண்டிகளின் இரைச்சல் மூடிய கண்ணாடிகளைத் தாண்டி எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல் கேட்க, சூடான பிளாஸ்டிக் வாசனைக்கு அடியில் வெகுநாள் உலராத ஈரச்சாக்கின் வாடை மெல்ல மெல்ல என் நாற்காலியைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது. விண்டோ மறுபடி எழுதியது.

'அண்ணா, நாந்தான். கதவத் தொற.'

என் தங்கை கிருத்திகா பேசுவது அப்படித்தான். காலேஜ் அட்மிஷனுக்காக இன்று சேலம் வந்திருக்கிறாள், மதியச் சாப்பாட்டோடு இங்கே வருவதாகச் சொல்லியிருந்தாள்.

'செருப்பு வெளியதான கெடக்குது. வெளையாடாத, தொற.'

'அண்ணா, உன் தோள்ல கை போட்டுட்டு நிக்கறது யாரு?'

நான்காவது வரி சௌந்திரம் அக்காவின் பேச்சு. 'ஐயோ, இந்தப் புள்ளைக்கு மூச்சே இல்லீங்களே. யாராச்சும் ஓடியாங்க!'

அதோடு நின்றுவிட்டது.

அப்போதே நான் ஓடியிருக்க வேண்டும். நான் செய்தது இது, நானே அழித்தால் அந்த வரிகளும் அழியும் என்று நினைத்தேன். கதவைத் தாழிட்டு வந்து உட்கார்ந்தேன். மைக்கைப் பிடுங்கினேன். விண்டோவை மூடினேன். மூடினாலும் உள்ளே புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் நிறுத்தினேன். ஃபோல்டரையே அழித்தேன். கடைசியில் லேப்டாப்பை அணைத்தேன்.

திரை கறுத்தது. நடுவில் அந்த வெள்ளை விண்டோ மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் கடைசி நான்கு வரிகளோடு.

சுற்றிலும் இருந்த கறுப்பில் என் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை. இடது தோள் கனத்தது. சூடு இல்லை. மூச்சு இல்லை. கனம் மட்டும். எழுந்திருக்கப் பார்த்தேன். அது அழுத்தியது.

படியில் காலடி.

"அண்ணா, நாந்தான். கதவத் தொற."

வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் போன் அடித்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. சிரித்துக்கொண்டே கட் பண்ணினாள். மறுபடி அடித்தேன். மறுபடி கட்.

"செருப்பு வெளியதான கெடக்குது. வெளையாடாத, தொற."

நான்கில் இரண்டு வரி முடிந்துவிட்டது.

கதவில் முகம் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே தெரியாமலிருக்க அதில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒரு ஓரம் உரிந்திருக்கிறது. அதன்மேல் அவள் நிழல். சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கிறாள். நெற்றிக்கு இரண்டு பக்கமும் கையைக் குவித்து, உரிந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டு வருகிறாள். என் தோளில் விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன.

அம்மா, அப்பா, யார் முதலில் படித்தாலும் சரி, உடனே கிருத்திகாவுக்குப் போன் போடுங்கள். நான் கூப்பிட்டால் விளையாட்டு என்று நினைக்கிறாள். நீங்கள் கூப்பிட்டால் எடுப்பாள். உள்ளே பார்க்காமல் கீழே இறங்கச் சொல்லுங்கள்.