பார்க்க வரும் நேரம்

ரயில்வே ஆபீசில் உட்கார்ந்து கால அட்டவணையைத் தன் கையால் படியெடுத்து எழுதுகிற குமாஸ்தாவே ரயிலைத் தவறவிட்டால் யாரைக் குறை சொல்வது? சபாபதி பார்த்தது போன வருஷத்து அட்டவணை. அவனும் மைத்துனன் வாசுவும் கோலாலம்பூர் ஸ்டேஷனில் மூச்சிரைக்க ஏறி நின்றபோது, பத்துமலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை ரயில் தன் கடைசிப் பெட்டியின் முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போனது.

வாசு ஈப்போவில் வாத்தியார். அக்கா தங்கமணியைப் பார்க்கவும் முருகனைக் கும்பிடவும் நாலு நாள் லீவில் வந்திருந்தான். அவன் முகம் வாடியதும் சபாபதி தன் தப்பையே பெருமையாக்கிவிட்டான். பத்துமலையைத்தான் ஊரே பார்க்கிறதே, ஊரில் ஒருத்தரும் பார்க்காததை நான் காட்டுகிறேன் என்றான். பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளையைக் காட்டினான். சாலாக் செலாத்தானுக்கு ரயிலேறி, ஈயம் தோண்டித் தோண்டிப் பச்சையாகிப் போன குட்டையைக் காட்டினான். அதற்கும் வாசு மலராததால், குட்டைக்கு அப்பால், ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் மூடிப்போன தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

நீளமான கொட்டகை. அத்தாப்பு ஓலைக் கூரை பாதி சரிந்திருந்தது. உள்ளே இரண்டு வரிசையாக இரும்புக் கட்டில்கள், துருவேறி, வெறுமையாக. தோட்டத்தை மூடியபோது இங்கே காய்ச்சலில் கிடந்தவர்கள் கேட்க நாதியில்லாமல் கட்டிலிலேயே செத்தார்கள் என்று சபாபதி கதை சொன்னான். இத்தனை நாள் ஆளில்லாத இடத்தில் பினாயில் வாடை எப்படிப் புதிதாக அடிக்கிறது என்று வாசு கேட்டான். கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். சபாபதி நிற்கவில்லை. சும்மா இருக்கிற இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத பிறவி அவன். கட்டில் கட்டிலாகப் போய் உடம்பு எப்படி என்று விசாரித்தான். கஞ்சி குடித்தாயிற்றா என்று கேட்டான். காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைத் துப்பியதற்காக ஒரு வெறுங்கட்டிலைக் கடிந்துகொண்டான். கடைசியில் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, கை கூப்பினான்.

“சரி, போயிட்டு வரேன்.”

“எப்போ?”

“நாளைக்கு, நாலு மணிக்கு,” என்று சிரித்துக்கொண்டே வாசுவிடம் திரும்பினான்.

வாசலில் வாசு இல்லை.

தூரத்தில், குட்டைக் கரையில், உரக்கக் கூப்பிட்டாலும் கேட்காத இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

திரும்பும் ரயிலில் சபாபதி இதையும் வேடிக்கையாகத்தான் சொன்னான். வாசு சிரிக்கவில்லை.

“செத்த வீட்டுல யாராச்சும் சொல்லிட்டுக் கிளம்புவாங்களா, அத்தான்?”

மறுநாள் நாலு மணிக்கு ஆபீசில் மைக்கூட்டிலிருந்து பினாயில் வாடை வந்தது. சபாபதி அதை மூடிவிட்டு எழுதிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போனபோது வாசு காய்ச்சலில் கிடந்தான்.

அன்றிலிருந்து தினமும் மாலை நாலுக்கு எழுந்து உட்காருவான். கையாலேயே தலையைக் கோதி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வாசற்படியைப் பார்த்தபடி இருப்பான். ஐந்து அடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

“இன்னிக்கும் வரல.”

அது வாசுவின் குரல் இல்லை. பல் போன கிழக்குரல்.

சபாபதி உதவி தேடி அலைந்தான். ஊசி போட வந்த டிரெஸர், காய்ச்சல் இறங்குகிறபோது இறங்கும் என்றார். கட்டில், குரல் என்று ஆரம்பித்ததும், “எங்கிட்டயே கதை விடுறீங்களா லா,” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். குருக்கள் விபூதியைக் கொடுத்துவிட்டு, கோயில் திருவிழாவில் அவன் போடும் கோமாளி நாடகம் இந்த வருஷம் எப்போது என்று விசாரித்தார். பத்து வருஷமாக ஊரைச் சிரிக்க வைத்தவன் அழுதாலும், அதற்கும் ஊர் சிரித்தது.

வியாழக்கிழமை வாசு தண்ணீரும் இறங்காமல் கிடந்தான். தங்கமணி கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“அங்க என்ன பண்ணீங்க? இந்த ஒரு தடவ விளையாடாம சொல்லுங்க.”

சொன்னான். அவள் அழவில்லை, திட்டவில்லை.

“எத்தன கட்டில்?”

“பதினொண்ணு.”

மறுநாள் மத்தியானம் ஒரு துண்டில் பதினொரு ரொட்டிகளை முடிந்து அவன் கையில் கொடுத்தாள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகக் கூடாது என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தாங்க.”

மழையில் நனைந்தபடி சபாபதி கொட்டகைக்குள் நுழைந்தபோது நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. செருப்பைக் கழற்றினான். வழியெல்லாம் தேடியும் வாயில் ஒரு வேடிக்கை வரவில்லை. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஐந்து. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு ரொட்டியை வைத்து, தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முணுமுணுத்தான். இந்த முறை நடிக்கவில்லை. பார்க்க ஒருவரும் வராமல் நாலு மணிக்குத் தலைவாரிக்கொண்டு காத்திருந்தவர்களை நினைத்து ஒவ்வொரு கட்டிலுக்கும் கை கூப்பினான்.

முதுகுக்குப் பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது.

பல்லில்லாத ஈறுகள், மெதுவாக.

பிறகு இன்னொன்று.

அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. கண் மட்டும் எதிரே போயிற்று. வரிசையின் கடைசியில், பதினொன்றுக்கும் அப்பால், இன்னொரு கட்டில். துரு இல்லை. மேலே சலவை வெள்ளை விரிப்பு. கூரை ஒழுகும் இடத்தில் கிடந்தும் அது நனையவில்லை.

தலையணையில், இப்போதுதான் யாரோ தலையை எடுத்ததுபோல ஒரு பள்ளம்.

கை தானாக நீண்டு அதைத் தொட்டது. சுட்டது. நாலு நாளாக அவன் தொட்டுத் தொட்டுப் பார்த்த நெற்றியின் அதே சூடு.

“நான் வந்துட்டேன்,” என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. “வாசுவ விட்டுடுவீங்களா? உள்ளதச் சொல்லுங்க.”

மெல்லும் சத்தம் பதினொரு இடத்திலும் ஒரே சமயத்தில் நின்றது.

“நீங்க உள்ள நுழைஞ்சப்பவே அவர விட்டாச்சு,” என்று காதருகே மரியாதையாகச் சொன்னது அந்தக் குரல். “நீங்க படுத்துக்குங்க.”