மனையில் எடுத்த படம்

படத்தில் ரோஹிணியின் பாதங்கள் இல்லை. கணுக்கால் வரை புடவை தெரிந்தது. அதற்குக் கீழே கலங்கிய பழுப்புத் தண்ணீர். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆறு வயது மகள் அஞ்சலிக்கு அந்தத் தண்ணீர் முழங்காலை எட்டப் பார்த்தது.

படம் எடுத்தது மார்ச் மாதத்தில். மனை அன்றைக்கு வெடித்துக் கிடந்தது. விரலை விட்டால் உள்ளே போகும், அப்படி ஒரு வெடிப்பு.

"இது யார் மனை சார்?" என்றாள்.

"உங்களதுதான் மேடம்," என்றார் ஊராட்சி அலுவலக எழுத்தர் பட்டாபிராமன், நிமிர்ந்து பார்க்காமலே. "தண்ணி நிக்கறது படத்துலயே தெரியுது. இதை வச்சு அனுமதிக்கு அனுப்ப முடியாது. மறுபடி எடுக்கணும்."

ரோஹிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்கும் கால்வாய்க்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் அந்த இடத்தில் யார் வீடு கட்டுவதானாலும் குடும்பத்தோடு மனையில் நின்று படம் எடுத்துக் கோப்பில் ஒட்ட வேண்டும். வெள்ளம் வந்தபோது எந்த மாடியில் உட்கார்ந்திருந்தார்களோ, இப்போது படம் கேட்கிறார்கள். ஒரு வருடமாக அலைகிறாள். சேலையூரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, சாக்பீஸ் கையோடு பஸ் பிடித்து வந்து, இந்த ஆளின் வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கணவன் ஹேமநாத் மஸ்கட்டில் இருந்துகொண்டு "பொறுமையா பேசு" என்பான். பொறுமையாம். ஒன்பது வருடத்தில் ஏழு வாடகை வீடு. இப்போதிருக்கும் வீட்டில் அஞ்சலி நாலடி வேகமாக நடந்தால் கீழ் வீட்டு அம்மாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுகிறாள். குழந்தை வீட்டுக்குள் நுனிக்காலில் நடக்கப் பழகிவிட்டது. அஞ்சலி ஓடி விளையாடத் தங்களுக்கென்று ஒரு தரை வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரலில் மறுபடி நின்றார்கள். படம் எடுக்க வந்தவன் அலுவலக உதவியாளன் சவுரிமுத்து. வெயில் கொளுத்தியது. காய்ந்த மண்ணில் கால் வைப்பதற்கு முன்னால் அவன் பேண்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டுக்கொண்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"யம்மா, நீங்க மட்டும் நில்லுங்க. கொயந்த வோணாம்."

"குடும்பத்தோட நிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ரூலு அப்டித்தான் கீது. நான் ரூல சொல்லல."

"ஏதாவது எதிர்பார்த்தா நேரா கேளுங்க. இந்த நாடகம் வேண்டாம்."

சவுரிமுத்து படம் எடுத்தான். அந்தப் படத்தில் தண்ணீர் அவளுக்கு முழங்கால் வரை. அஞ்சலிக்கு இடுப்பு வரை.

இவர்களே ஏதோ செய்கிறார்கள் என்றுதான் அவள் முடிவு கட்டினாள். அந்த ஆத்திரத்தோடு தகவல் அறியும் சட்டத்தில் ஒரு மனு, கலெக்டருக்கு ஒரு புகார். மே மாதம் மூன்றாவது படத்துக்குத் தன் ஆளாக, கேம்ப் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அந்தோணிசாமியைக் கூட்டிப்போனாள். அஞ்சலியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் படம் எடுத்தவன் அவன். மறுநாள் கடைக்குப் போனபோது பாதி ஷட்டரை இறக்கி வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கவரை நீட்டினான்.

"காசு வேணாம்க்கா. நெகட்டிவும் உள்ளேயே இருக்கு. எங்கிட்ட வேணாம்."

தண்ணீர் அவளுக்கு இடுப்பைத் தாண்டியிருந்தது. அஞ்சலிக்கு முகவாயைத் தொட்டது. குழந்தை கழுத்தை எக்கி, முகத்தை வானத்துக்குத் தூக்கி வைத்திருந்தாள். மனையில் அவள் அப்படி நிற்கவில்லை. காக்கா ஒன்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். ரோஹிணிக்கு நன்றாக நினைவிருந்தது.

அன்று மதியம் தட்டில் தயிர்சாதம் போட்டாள். அஞ்சலி கழுத்தை எக்கிக்கொண்டே சாப்பிட்டாள். எங்கிருந்தோ சேற்று வாடை, கோடையில் வற்றிய குளத்தின் அடியிலிருந்து வருமே, அந்த வாடை, சமையலறையிலும் துவைத்து மடித்த துணியிலும் குழந்தையின் தலைமுடியிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏண்டி கழுத்தைத் தூக்கிண்டு சாப்பிடறே?"

"இல்லன்னா வாய்ல போயிடும்மா."

"என்ன போயிடும்?"

அஞ்சலி கழுத்தை இன்னும் எக்கினாள். ரோஹிணி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பயம் வந்தால் அதைக் கோபமாக்கிக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அப்பா செத்த அன்றுகூட டாக்டரோடு சண்டைதான் போட்டாள். மறுவாரம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலும் தாமதிக்காமல் அனுமதி வழங்கவும்.

கடிதத்தோடு அன்றே நாலு மணிக்கு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். பள்ளி விடுமுறை, அஞ்சலியை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தாள். கரண்ட் இல்லை. புழுதிக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அஞ்சலி குதிகாலால் பெஞ்சுக் காலைத் தட்டிக்கொண்டிருந்தாள். டொக். டொக்.

பட்டாபிராமன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கோப்பை எடுத்து, அவள் நீட்டிய மூன்றாவது படத்தை ஒட்டினார்.

"இத்தனை நாள் நான் ஏன் உங்க கையெழுத்தை வாங்கலைன்னு நினைக்கிறீங்க மேடம்? படத்துக்குக் குறுக்கே நீங்க போட்டாத்தான் படத்துல இருக்கறது உண்மைன்னு ஆகும். அதுவரைக்கும் அது வெறும் காகிதம். வேற இடம் பாருங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"பதினாலு மாசம் சார். பதினாலு மாசம் என்னை நாயா அலைய விட்டுட்டு இப்போ கெஞ்சறீங்க."

"உங்க மனை இருக்கற வரிசையில முன்னாடி ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாங்க."

"வீடு கட்டினாங்களா இல்லையா?"

"கட்டினாங்க."

"அப்புறம் என்ன?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வீடு இருக்கு மேடம்," என்றார்.

அவள் பேனாவைப் பிடுங்கினாள். பாதி படத்தின் மேல், பாதி காகிதத்தின் மேல், எல்லோரும் போடுகிற மாதிரி. அழுத்தி. அஞ்சலியின் தலை மேலாகக் கோடு ஓடியது. கையெழுத்தைப் போட்டு முடித்தாள்.

டொக் சத்தம் நின்றது.

பட்டாபிராமன் எழுந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

திரும்பாதே என்று ஏதோ சொன்னது. சேற்று வாடை. தொண்டை வரை.

திரும்பினாள்.

ஃபேன் ஓடவில்லை. காற்றே இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

அஞ்சலியின் இரண்டு சடைகளும் தலைக்கு மேலே எழுந்து மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. பாவாடை உப்பியது. குதிகால்கள் பெஞ்சை விட்டு மேலே வந்தன. கண்கள் அம்மாவைத்தான் பார்த்தன. கூப்பிட வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. அது அந்த வறண்ட அறையின் நடுவில் மேலே, மேலே, கூரையை நோக்கிப் போனது.